நிழல் ஏன் நனையவில்லை?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலில் களைப்பு தெரிந்தது. "நாள் முழுக்க ஏன், எதுக்குன்னு கேட்டே கொல்றாம்மா" என்றாய். உன் மகனின் ஆறு வயது அப்படித்தான். இதுவரை எதையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவன், இப்போது கைக்கு எட்டாததையும் மனதால் தொடப் பார்க்கிறான். இந்த வயதுக்குக் கற்பனைதான் பெரிய துணை என்று இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உறுதியாக நம்பினார். 1940களில், உலகப் போர்ச் சமயத்தில், கொடைக்கானலில் தங்கியிருந்தபோது இந்த வயதுப் பிள்ளைகளோடு அவர் செய்த வேலையைத்தான் நாங்கள் வகுப்பில் பின்பற்றினோம்.

எங்கள் வகுப்பில் ஒரு கறுப்புத் துணிச் சுருள் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பூமியின் வயது அது. சுமார் 450 கோடி ஆண்டுகள். பிள்ளைகள் அதை நடைவழி நெடுக விரித்துக்கொண்டே போவார்கள். கடைசி நுனியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, மனிதர்களுக்காக. ஒருநாள் ஒரு சிறுமி மண்டியிட்டு அந்தக் கோட்டை நகத்தால் தடவி, "நாம இவ்ளோதானா?" என்றாள். பிறகு எழுந்து துணியின் தொடக்கம் வரை நடந்து போய், "அப்போ இங்க என்ன இருந்துச்சு?" என்றாள். நான் அவசரப்பட்டு எரிமலை, உருகிய பாறை, மழை, கடல் என்று அடுக்கிவிட்டேன். தலையாட்டினாள், துணியைச் சுருட்டினாள், போய்விட்டாள். அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்கவே இல்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அடுத்த வருடம் ஒரு பையன் அதே இடத்தில் நின்று அதையே கேட்டான். "உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டேன். "மழை பெஞ்சிருக்கும்" என்றான். கொஞ்சம் யோசித்து, "கடலே இல்லாம மழை எப்படி வரும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். மூன்று நாள் அதிலேயே கிடந்தான். கொதித்த நீர்ப் பாத்திரத்தின் மூடியில் சேர்ந்த துளிகளை எண்ணினான், படம் வரைந்தான், பெரிய பிள்ளைகளிடம் போய் வாதாடினான்.

கற்பனை என்றால் தேவதைக் கதை மட்டும் இல்லை. ஒரு மணியை ஒரு கையிலும், ஆயிரம் மணிகள் கோத்த கனசதுரத்தை மறு கையிலும் தூக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான் பத்து லட்சத்தை நினைத்துப் பார்க்க முடியும். முதலில் நிஜமான ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அதனால் உடனே போனில் தேடிக் காட்டாதே. தட்டிக் கழிக்கவும் வேண்டாம். எதையாவது உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், சாப்பாட்டுக்குக்கூடக் கொஞ்சம் பொறுத்தே கூப்பிடு.

குளிக்கும்போது தன் நிழல் ஏன் நனையவில்லை என்று கேட்டானாமே. நீ இன்னும் எதுவும் சொல்லியிருக்காவிட்டால் அப்படியே விட்டு வை. நான் வந்ததும் ஒரு குவளைத் தண்ணீரோடு இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
அம்மா