மூன்று விலைமனுக்களும் கிழிந்த ஒரு வலந்தலையும்

எமது வலயத்தின் அழகியற் கல்விக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த தவணை முடியும் தறுவாயில் எமது பாடசாலைக்கு வெளிவாரி மேற்பார்வைக்காக வந்த தங்கள் குழுவினர், தரம் 10 கர்நாடக சங்கீத வகுப்பைப் பார்வையிட்டபின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஒரு குறிப்பை எழுதிச் சென்றார்கள். மாணவர்கள் மேசையில் தட்டித் தாளம் பயில்கின்றனர் என்றும், லய வாத்தியம் பயன்படுத்தப்படவில்லை என்றும், ஆசிரியர் இதில் கவனம் செலுத்த வேண்டும் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. அதில் பிழையேதுமில்லை; பிள்ளைகள் மேசையில்தான் தட்டினார்கள். எமது ஒரே மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், கிழிந்து ஓராண்டுக்கு மேலாகிறது என்பதும், அதைத் திருத்துவதற்கு அனுமதி கேட்டு அதிபர் ஊடாக நான் அனுப்பிய மூன்று கடிதங்களும் தங்கள் அலுவலகத்துக் கோப்பிலேயே இருக்கின்றன என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. ஆகவே முன்கதையை மீண்டும் விரிக்காமல், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எமக்கு வாசிக்கக்கூடிய நிலையில் ஒரு மிருதங்கமும், அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு நாளும் வேண்டும்.

முதலிரு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு வந்த பதிலில், பதிவுசெய்யப்பட்ட மூன்று நிறுவனங்களிடமிருந்து விலைமனுக்கள் பெற்று, வியாபாரப் பதிவு இலக்கங்களுடன் சமர்ப்பிக்குமாறு கேட்கப்பட்டிருந்தது. நாற்காலிக்கும் நிழற்பிரதி இயந்திரத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், வெட்டுத்தட்டு, கொட்டுத்தட்டு என்ற தோல்களைச் சேர்த்து மூட்டுக் கட்டி, கரணை என்ற கரும்பசையைப் படை படையாக இட்டுத் தேய்த்து, வார் இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் எமது சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிய ஒருவரே இருக்கிறார். எழுபது வயதைக் கடந்த அவர் தமது வீட்டுத் தகரக் கொட்டிலில் இருந்து அந்த வேலையைச் செய்கிறார். தங்கள் கடிதத்தை எடுத்துச்சென்று அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, "பிள்ளை, மூண்டு கையெழுத்திலை நானே எழுதித் தரட்டோ?" என்று கேட்டார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். மிருதங்கத்தை வந்த பஸ்ஸிலேயே மடியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன்.

சொந்தக் காசிலாவது திருத்திவிடலாமே என்று தங்களில் ஒருவர் நினைக்கக்கூடும். அதையும் ஒருமுறை செய்தவள்தான் நான். பொருட் பதிவேட்டிலுள்ள அரச உடைமையை எவருடைய அனுமதியுடன் வெளியே கொண்டுசென்றீர்கள் என்று கணக்காய்வில் கேட்டார்கள். எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். மறுபடி ஒரு விளக்கம் எழுத எனக்குத் தெம்பில்லை.

மிருதங்கம் இல்லாவிட்டால் என்ன, கையால் தாளம் போடலாம்தானே என்ற கேள்விக்கு, வகுப்பறையில் நடக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மிஸ்ர சாபு தாளம் ஏழு எண்ணிக்கை கொண்டது; மூன்றும் நான்குமாக, தகிட தகதிமி என்று நடப்பது. எமது பிள்ளைகள் இதைப் பிழையின்றி எழுதுவார்கள். ஆனால் அத்தாளத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைப் பாடத் தொடங்கியதும், ஒவ்வோர் ஆவர்த்தன முடிவிலும், அதாவது தாளத்தின் ஒரு சுற்று முடியும்போதெல்லாம், மூச்செடுக்கச் சற்றே நிற்பார்கள். அந்த மூச்சு மெல்ல மெல்ல ஓர் எண்ணிக்கையாக வளர்ந்து, நான்காவது ஐந்தாவது ஆவர்த்தனத்துக்குள் ஏழு எட்டாகிவிடும். மிஸ்ர சாபுவில் தொடங்கிய பாட்டு எட்டு எண்ணிக்கைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுடைய கையே அவர்களுடைய மூச்சுக்காகக் காத்திருக்கிறது. நான் எத்தனை முறை நிறுத்தித் திருத்தினாலும், நிறுத்தியபோதே லயமும் நின்றுவிடுகிறதே தவிரப் பிழை போவதில்லை. பக்கத்தில் ஒருவர் மிருதங்கத்தில் அந்த ஏழு எண்ணிக்கையை வாசித்துக்கொண்டிருந்தால் அவர் எவருடைய மூச்சுக்காகவும் காத்திருக்கமாட்டார். இரண்டு ஆவர்த்தனம் தடுமாறும் பிள்ளை, மூன்றாவதில் எங்கே மூச்செடுப்பது என்பதைத் தானாகவே கண்டுகொள்ளும். நான் வாய்ப்பாட்டு ஆசிரியை; தகிட தகதிமி என்று சொற்கட்டு சொல்லத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பாடிக்காட்டிக்கொண்டே அதை வாயாலும் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இதே வகுப்பில் தவில்காரக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். திருவிழாக் காலங்களில் தகப்பனுடன் இரவிரவாக மேளத்துக்குப் போய்வருபவன். தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டை ஒருமுறை கேட்டாலே பிடித்துவிடுவான். தவணைப் பரீட்சையில், பாட்டு தாளத்துக்கு முன்னோ பின்னோ எடுக்கும் வகைகளான அதீதத்துக்கும் அனாகதத்துக்கும் வரைவிலக்கணத்தை மாற்றி எழுதிப் புள்ளியை இழந்தான். புள்ளியைக் குறைத்தவள் நான்தான். அவ்விரண்டையும் சரியாக எழுதி முழுப்புள்ளி பெற்ற மூவருக்கு அந்தப் பாட்டின் எடுப்பு இன்னும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழகமே வியந்து கேட்டது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிற மண்ணில், கொட்டத் தெரிந்த பிள்ளை குறைந்த புள்ளியும் கொட்டக் கேட்டிராத பிள்ளை கூடிய புள்ளியும் பெறும் வகுப்பை நடத்துகிறேன்.

பெற்றோருக்கும் இதில் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம் வீதியோரப் பதாகையில் ஏறும் ஊரில், சங்கீதம் அந்த ஒன்பதை நிரப்பும் ஒரு ஏ மட்டுமே. விளையாட்டுப் போட்டிக்கென வாங்கிய பாண்ட் வாத்தியத் தொகுதி எமது களஞ்சியத்தில் பளபளப்பாக இருக்கிறது. அதற்குப் பணம் கிடைத்தது, அணிவகுப்பு நடந்தது, அமைச்சர் ஒருவர் மரியாதை ஏற்றார். மிருதங்கத்தை ஏந்தியபடி எவரும் அணிவகுத்துப் போக முடியாதது அதன் குறைபாடுதான் போலும்.

வாசிப்பவரை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தால், தேடத் தேவையில்லை என்பேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் மிருதங்கம் பயின்று பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். என்னுடன் படித்த ஒருவர் இன்று அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கோப்புகளுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் ஓர் அலுவலாக அவரிடம் போனபோது, கையொப்பத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அவருடைய விரல்கள் மேசையில் ஒரு மிருதங்கக் கோர்வையை வாசித்துக்கொண்டிருந்தன. மேசையில் தட்டுவது மாணவர்கள் மட்டுமல்லர் என்பதையும் தங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

வார்த்தை கடுமையாகிவிட்டதாயின் மன்னிக்க வேண்டுகிறேன். பெண்பிள்ளைகளின் ஐந்து கட்டைச் சுருதிக்கும், குரல் உடைந்த ஆண்பிள்ளைகளின் ஒரு கட்டைக்கும் ஒரே மிருதங்கம் ஈடுகொடுக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு கேட்கவில்லை. ஒன்றே கேட்கிறேன். அதைத் திருத்துவதற்கு ஒரு கைவினைஞரின் ஒற்றை விலைமனுவை ஏற்றுக்கொள்ளுமாறும், மிருதங்கப் பட்டதாரி ஒருவரை வாரத்தில் ஒரு நாள், இரண்டு பாடவேளைகளுக்காவது எமது பாடசாலைக்கு விடுவிக்குமாறும் பணிவன்புடன் வேண்டுகிறேன். தரம் 11 பிள்ளைகள் செயன்முறைப் பரீட்சைக்குப் போகுமுன் இது நடக்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் ஒரு வரியில் வந்தாலும் போதும். மிருதங்கத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பஸ் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். வாசிக்குமுன் இடந்தலைக்கு அப்புகிற ரவையையும் வீட்டிலிருந்து கொண்டுவருவேன், அதற்கு விலைமனு கேட்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

இங்ஙனம்,
தங்கள் வலயத்துக் கர்நாடக சங்கீத ஆசிரியை ஒருத்தி