அம்மாவின் தவக்காலத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

கருங்கல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்
ஏப்ரல் 27, 2025 – இறை இரக்க ஞாயிறு

எங்கள் பங்கு மக்களுக்கும், பங்கைச் சேராதவர்களாக இருந்தும் இயேசுவின் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டுப் படியேறி வந்த அத்தனை பேருக்கும் பாஸ்கா எனும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கோவிலில் வாசிக்கும் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரமும் அதைத்தான் கேட்கிறது: வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம். ஆனால் அது கொடுப்பவர்களுக்குச் சொன்னது. வாங்கியவர்கள் வாய் மூடி இருக்க வேண்டும் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. தொழுநோய் நீங்கிய பத்துப் பேரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்றுதான் கேட்டார். அந்த ஒன்பது பேரோடு நாங்கள் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல். பெயர் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது ஊருக்குத் தெரியும்.

ஜனவரிக் கடைசியில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரத்தம் வேண்டும் என்று சொன்ன அன்று மாலையே, கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வந்த களைப்போடு நம் இளையோர் அங்கே வந்து நின்றார்கள். பிள்ளைகளே, உங்கள் இரத்தம்தான் இன்று அம்மாவின் உடம்பில் ஓடுகிறது. அதற்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரவுப் பணியில் இருந்த செவிலியர்களையும் அம்மா தினமும் செபமாலையில் நினைக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கவலை தொடங்கியது. அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். முப்பது வருடத்துக்கும் மேல் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவர். விரல் நுனிகளில் ஏறிய கறை ஓய்வு பெற்ற பிறகும் முழுதாகப் போகவில்லை. வேலை விட்டதும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்குப் போய் நிற்பார். தவக்காலம் என்றால் அவருக்கு முழங்கால்தான்: சிலுவைப் பாதையில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் பதினான்கு நிலைகளிலும் தரையில் முழங்காலிட்டு எழ வேண்டும். அந்த முழங்கால் மடங்காது, கட்டிலை விட்டு இறங்க முடியாது என்று ஆனபோது, எலும்பு முறிந்த வலியைவிட இந்த வருடம் தவக்காலம் இல்லையே என்ற வேதனைதான் அவரை அழ வைத்தது.

மார்ச் 5, திருநீற்றுப் புதன். திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை, கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளையோடு சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் வீடு இருக்கும் தோட்டமான விளைக்கு ஏறி வந்தார். சென்ற வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது. அந்தக் குருத்தில் ஒரு பகுதி அம்மாவே எங்கள் சுவரிலிருந்து எடுத்துக் கோவிலுக்குக் கொடுத்தனுப்பியது. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லி நெற்றியில் இட்டபோது அம்மா கண்ணை மூடவில்லை, பங்குத்தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தான் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் உண்ணும் நோன்பு, இருக்கப் போவதாகச் சொன்னார். நோன்புச் சட்டம் பதினெட்டு வயது முதல் ஐம்பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்குத்தான், நோயாளிகளுக்கு அதுவும் இல்லை என்று பங்குத்தந்தை எடுத்துச் சொல்லியும் அம்மா கேட்பதாக இல்லை. கடைசியில் அவர், "அம்மா, மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடற்பயிற்சியை ஒரு வேளையும் விடாதீர்கள். இந்த வருடம் உங்களுக்குத் தவம் அதுதான்" என்றார். அந்தச் சொல்லுக்காக, தந்தையே, எங்கள் குடும்பம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதன் பிறகு ஒரு மாத்திரைக்குக்கூட நாங்கள் அவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவரான தங்கைக்கும் இங்கேயே நன்றி சொல்கிறேன். வலி தாங்காமல் அம்மா "இயேசுவே" என்று கத்தும்போதெல்லாம், "அவரையே கூப்பிடுங்கள் பாட்டி, ஆனால் காலை மட்டும் கீழே விடாதீர்கள்" என்பாள். தவக்காலத்தில் கேட்ட பிரசங்கங்களில் அதுவும் ஒன்று என்று அம்மா சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் தவக்காலம் ஒரே நாளில் தொடங்குவதில்லை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலங்கரை வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமையே ஐம்பது நோன்பு தொடங்கிவிடும். மீன், இறைச்சி, முட்டை எதுவும் அந்த வீட்டுக்குள் வராது. நோன்புக்கு வைத்த மரச்சீனியும் பயறும் எத்தனை நாள் எங்கள் அடுக்களைக்கு வந்தன என்று கணக்கில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் மத்தியானம் அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவர் அந்த வீட்டு மாமிதான். மேலத்தெருவில் இருக்கும் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த டீச்சர் அக்கா, தங்கள் சபையின் லெந்து என்ற தவக்காலக் கூட்டம் முடிந்து போகும் வழியில் வந்து உட்கார்ந்து பாடுகளின் கீர்த்தனைகளைப் பாடுவார். அம்மா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனவர் திருவிதாங்கோட்டைச் சேர்ந்த ஆட்டோ அண்ணன். மார்ச் 2 அன்று ரமலான் நோன்பு தொடங்கியிருந்தது. அந்த வெயிலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆசாரிப்பள்ளம் வரை பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, அம்மாவின் இடுப்பு குலுங்காமல் ஓட்டினார். வழியில் நாங்கள் அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரே குழாயைப் பிடித்துக் கொடுத்தார். அண்ணே, அன்று அம்மா உங்களிடம் சொன்னதை ஊரறியச் சொல்கிறேன்: "மக்களே, நானும் நோன்பு, நீயும் நோன்பு. ஆனால் உன்னுடையதுதான் பெரியது."

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, எசாயா ஆகமத்தின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் வாசிக்கப்படும். பசித்தவரோடு அப்பத்தைப் பகிர்வதும் நுகத்தை அவிழ்ப்பதுமே தாம் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் அங்கே சொல்கிறார். இறைச்சியை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் அதைவிட விலையான காய்கறியை வாங்கிச் சமைப்பது நோன்பாகாது என்பது என் உறுதியான எண்ணம். நாம் விட்டது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வருடம் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்டேன்.

அம்மாவும் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்து, தினமும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டார். மறைக்கல்விப் பிள்ளைகள் வாரம்தோறும் வந்து அதைக் கொட்டிக்கொண்டு போனார்கள். பெரிய வெள்ளியன்று கோவில் வளாகத்தில் கொதித்த கஞ்சியில் அந்த அரிசியும் இருந்தது. கஞ்சியும் பயறும் காணத்துவையலும் தூக்குவாளியில் வீட்டுக்கு வந்தபோது அம்மா குடித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகளே, வாரம் தவறாமல் வந்ததற்கு நன்றி. உறுதிபூசுதலுக்குத் தயாராகும் ஒரு பெண்பிள்ளை, தவக்காலத் திருப்பயணத்தில் புலியூர்க்குறிச்சிக்குப் போனவள், முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். நம்பிக்கைக்காகக் கைதாகிக் கொண்டு செல்லப்பட்ட வழியில் தாகத்தால் தவித்த புனித தேவசகாயம் முழங்கையால் தட்டியதும் தண்ணீர் சுரந்ததாக நம் முன்னோர் சொல்லும் பாறை அது. வருடம்தோறும் அந்தப் பயணத்தில் முன்வரிசையில் போகிற அம்மா, அந்தப் பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இனி, பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியத்துக்கு. வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையைத் தெருத்தெருவாக நடத்துவது நம் வழக்கம். இந்தமுறை ஐந்தாம் நிலையை எங்கள் முற்றத்தில் வைத்தீர்கள். வழக்கமான பாதையைவிட்டு, ரப்பர் விளையின் ஏற்றத்தில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வயதானவர்களும் முணுமுணுக்காமல் ஏறி வந்தார்கள். சன்னல் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தோம். சிலுவையைச் சன்னல் கம்பிவரை கொண்டுவந்து சாய்த்தீர்கள். அம்மா கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அந்தப் பலா மரக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். செபம் முடியும்வரை விடவில்லை.

ஐந்தாம் நிலையில் சிலுவை சுமக்க வருகிற சீரேன் ஊர் சீமோன், சீடர் இல்லை. இயேசுவின் பிரசங்கம் கேட்டவர் என்றும் எழுதப்படவில்லை. நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கர், படைவீரர்கள் பிடித்து நிறுத்திய ஆள். பன்னிருவரில் ஒருவர்கூட அந்த இடத்தில் தோள் கொடுக்கவில்லை. மாற்கு நற்செய்தியில் சீமோனுடைய இரண்டு மகன்களின் பெயரும் இருக்கிறது, அலெக்சாந்தர், ரூபு என்று. அந்தக் குடும்பத்தைத் திருச்சபை அவ்வளவு நன்றியோடு நினைவில் வைத்திருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டோ அண்ணனையும், இயன்முறை மருத்துவரையும், குருத்து ஞாயிறுக்குக் கோவிலுக்கு வேண்டிய தென்னங்குருத்தைத் தன் விளையிலிருந்து வெட்டிக் கொடுத்து, அம்மாவுக்கென்று ஒன்றைத் தனியே எடுத்து வந்த அய்யாவழிச் சமயத்து மாமாவையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஐந்தாம் நிலைதான் நினைவுக்கு வருகிறது.

பெரிய வியாழனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அம்மாவோடு அண்டி ஆபீசில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஒரு அக்கா, இப்போதும் வேலைக்குப் போகிறவர், காலையில் வேலைக்குப் போகும் முன் வந்து அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, துணி மாற்றிவிட்டுப் போவார். காசு கொடுக்கப் போனால் கோபப்படுவார். பெரிய வியாழனன்று குரு மக்களின் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் இடம்பெறலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வழிமுறையை மாற்றியதை நாம் அறிவோம். இந்த வருடம் நம் பங்குத்தந்தை, வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் அந்த அக்காவும் ஒருவர். முதலில் வரவே மாட்டேன் என்றார். வந்து உட்கார்ந்த பிறகும் வெடித்த குதிகாலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பங்குத்தந்தை தரையில் முழங்காலிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அக்கா மெல்லப் பாதத்தை வெளியே நீட்டியதும் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டார். பெண்கள் பக்கத்தில் பலர் அழுதோம். அக்கா, எங்கள் அம்மாவின் உடம்பைத் தினமும் கழுவிய உங்களுடைய பாதத்தைக் கழுவ நாங்களல்லவா முதலில் குனிந்திருக்க வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கு எப்படியும் போக வேண்டும் என்று அம்மா நின்றார். வின்சென்ட் தே பவுல் சபையார் சக்கர நாற்காலி கொடுத்திருந்தார்கள். ஆனால் எங்கள் விளையின் படிகளில் அது இறங்காது. நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக இறக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கோவில் முற்றத்தில் புதுத் தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, இருட்டுக்குள் "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று பாடியபோது, பக்கத்தில் நின்ற குழந்தை தன் மெழுகுதிரியிலிருந்து அம்மாவின் திரியை ஏற்றியது. மூன்று முறையும் அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாக "இறைவனுக்கு நன்றி" என்று பதில் பாடினார்.

மறுநாள் தொலைக்காட்சியில் திருத்தந்தை பிரான்சிஸ் பேதுரு பேராலய மாடத்தில் சக்கர நாற்காலியில் வந்து ஆசீர் வழங்கியதைப் பார்த்தோம். பிப்ரவரி 14 முதல் மார்ச் 23 வரை அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில், தன் வலியை அவருக்காக ஒப்புக்கொடுத்து வந்தவர் அம்மா. நம் தேவசகாயத்தை 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தியவர் என்ற பாசமும் உண்டு. திங்கட்கிழமை அவர் இறந்த செய்தி வந்ததும் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உயிர்ப்பைக் கொண்டாடிவிட்டுத்தானே போயிருக்கிறார்" என்று சொல்லி, செபமாலையை எடுக்கச் சொன்னார். அன்று மாலை வந்து கூடச் செபித்த மாமிக்கும் டீச்சர் அக்காவுக்கும் நன்றி.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து முற்றம்வரை நடக்கிறார். ஆகவே சக்கர நாற்காலியைப் பங்கு அலுவலகத்தில் திரும்ப ஒப்படைத்துவிட்டோம். வலப்பக்கச் சக்கரத்தின் ரப்பர் தேய்ந்திருந்தது, மாற்றியிருக்கிறோம். எந்தச் சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், எந்த மதத்தவராக இருந்தாலும், தேவைப்பட்டால் கோவில்பிள்ளையிடம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கும் படிகள் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். தூக்குவதற்கு என் தம்பியும் அவன் நண்பர்களும் வருவார்கள்.

நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்