திங்கள்கிழமை வரும் உதவி ஞாயிற்றுக்கிழமைக் கெடுவுக்கு ஆகாது

கணினி அறிவியல் துறைத்தலைவர் அவர்களுக்கும் முதலாண்டு நிரலாக்கப் பாடத்தின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பார்த்தோம். சந்தேகங்களை மின்னஞ்சலில் கேட்க வேண்டுமாம். மூன்று வேலைநாளுக்குள் பதில் வருமாம். நேரில் பார்க்கத் திங்கள் காலை 10 முதல் 11 வரை. ஒப்படைப்புக்கான கெடு ஞாயிறு இரவு 11.59. ஆய்வக வகுப்பு வியாழன் மாலையில்தான் நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளி இரவு எழுதிய மின்னஞ்சலுக்குப் புதன்கிழமை பதில் வந்து யாருக்கு என்ன பயன்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வெள்ளி, சனி மாலைகளில் ஆய்வகத்தைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல உதவியாளர்களைப் போடுங்கள்.

மின்னஞ்சல் ஏன் போதாது என்பதற்கு மூன்றாம் ஒப்படைப்பே சாட்சி. விலையை '%டி' (முழு எண்ணைப் படிக்கும் குறி) கொண்டு வாங்கி, 'இன்னொரு பொருள் உண்டா' என்ற கேள்விக்கான பதிலை '%சி' (ஒற்றை எழுத்தைப் படிக்கும் குறி) கொண்டு வாங்கும் சி மொழி நிரல் அது. மாணவர் 25 என்று தட்டி என்டர் அழுத்துகிறார். '%டி' 25ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. என்டரால் வந்த புதுவரிக் குறி உள்ளீட்டிலேயே தங்கிவிடுகிறது. அடுத்து வரும் '%சி' அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள, கேள்வி திரையில் வந்த கையோடு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) முடிந்துவிடுகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. மாணவர் லூப்பைச் சந்தேகித்து ஒய்ல் என்ற லூப் வகையை டூ-ஒய்ல் என்ற வகையாக மாற்றுவார், பிறகு நிபந்தனையை மாற்றுவார், கடைசியில் சரியாக இருந்த பகுதியையும் கெடுத்துவைப்பார். அவர் எழுதும் மின்னஞ்சல் 'நிரல் வேலை செய்யவில்லை ஐயா' என்றுதான் இருக்கும், ஏனெனில் எதைக் கேட்பது என்பதே அவருக்குத் தெரியாது. வரும் பதிலும் 'உள்ளீட்டைச் சரிபார்க்கவும்' என்பதுதான்.

பக்கத்தில் ஒருவர் இருந்தால் 'அந்தப் பதில வச்சிருக்கிற மாறியில என்ன இருக்குன்னு எண்ணா அச்சடிச்சுப் பாரு' என்பார். திரையில் 10 வரும். 10 என்பது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலில் புதுவரிக் குறியின் எண். '%சி'க்கு முன்னால் ஒரே ஒரு இடைவெளி விட்டால் அது புதுவரிக் குறியைத் தாண்டிவிடும், நிரல் சரியாகிவிடும். விடையைச் சொல்லாமலே கற்றுக்கொடுப்பது இதுதான்.

எல்லாப் பிழைக்கும் ஆள் வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆய்வகக் கையேட்டின் ஜிசிசி (நாம் பயன்படுத்தும் கம்பைலர்) கட்டளையில் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் '-வால்' சேர்த்தாலே, உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்பில் விடுபட்ட '&', நிபந்தனையைச் சோதிக்கும் இஃபுக்குள் '==' (சமமா என்ற கேள்வி) இருக்க வேண்டிய இடத்தில் போட்ட '=' (மதிப்பை இடுவது) இரண்டையும் கம்பைலரே எச்சரிக்கும். வரி எண்களைச் சேர்த்துவைக்கும் '-ஜி'யையும் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்தால், வெறும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (நினைவக அணுகல் பிழை) என்று நிற்காமல் அணியின் (மதிப்புகளின் வரிசை) எல்லையை எந்த வரி தாண்டியது என்றே காட்டும். கையேட்டில் ஒரு வரி மாற்றம், செலவு எதுவும் இல்லை.

ஒப்படைப்பைத் தானே திருத்தி மதிப்பெண் போடும் ஆட்டோகிரேடர் சமாச்சாரம் தனி. 'தவறான விடை, 3/10' என்கிறது. எந்த உள்ளீட்டில் தவறு? ரகசியம். தர்க்கமே தவறா, கடைசி வரியில் ஒரு இடைவெளி கூடிவிட்டதா என்பதை ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும். தோற்ற உள்ளீடுகளில் இரண்டையாவது காட்டலாமே. காப்பியடித்தவரைப் பிடிக்க மட்டும் 1994இல் உருவான, நிரல்களின் ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மாஸ் மென்பொருள் தவறாமல் ஓடுகிறது. மாறிகளின் பெயரை மாற்றினாலும் அது பிடித்துவிடும். இரவு பதினொரு மணிக்குக் கேட்க ஆளில்லாதவர் பக்கத்து அறை நண்பனின் நிரலை ஏன் வாங்குகிறார் என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. தேர்வில் வெள்ளைத்தாளில் பேனாவால் நிரல் எழுதி, விட்டுப்போன அரைப்புள்ளிக்கு அரை மதிப்பெண் இழப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1988 முதல் இளநிலை மாணவர்களே அறிமுக நிரலாக்கப் பாடத்தில் சிறு குழுக்களுக்குக் கற்பிக்கிறார்கள். நம் துறையிலும் இந்தப் பாடத்தை முடித்த மூன்றாமாண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். 15 பேருக்கு ஒருவர் போதும். பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதலாம். ஒருவருக்குப் பத்து நிமிடம், தீராவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகட்டும். வருபவர் மூன்றைச் சொல்ல வேண்டும்: என்ன உள்ளீடு கொடுத்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன வந்தது. உதவியாளர் கீபோர்டைத் தொடவே கூடாது. தொட்டால் பிழை போகும், மாணவருக்கு ஒன்றும் ஏறாது.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: வெள்ளி, சனி மாலை 6 முதல் 9 வரை ஆய்வகத்தைத் திறந்து, உதவியாளர்களை நியமிக்க வேண்டுகிறோம். அடுத்த ஒப்படைப்பு பாயின்டர்கள் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) பற்றியது. அதற்கு முன்பே அறிவிப்பு வந்தால் நல்லது. சாவிக்குக் கையெழுத்திடவும், ஒன்பது மணிக்குக் கணினிகளை அணைத்துப் பூட்டவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு மாணவர்கள்