ஒரே ஆள், கதவு உள்ள ஓர் அறை

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்துக்காரி. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது அம்மா என் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். எங்கேயோ ஒரு வேலியில் சிக்கி எழுந்தபோது கையில் பிள்ளை இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், அவனும் அதில் ஒருவன்.

வீடு கட்டிக் கொடுத்தீர்கள், படகு வந்தது, எதையும் மறக்கவில்லை. ஆனால் இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் கடல் இரைச்சல் கூடினால் அம்மா நடுராத்திரியில் எழுந்து எங்கள் கைகளைத் தொட்டுப் பார்க்கிறார். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தார். "மறந்துடுங்கம்மா" என்று சொல்லாத முதல் ஆள் அவர். அன்று காலை என்ன சமைத்தீர்கள் என்று தொடங்கி, அம்மாவால் தாங்க முடிகிற அளவுக்கு மட்டும் சொல்ல வைத்தார். மூச்சு முட்டினால் நிறுத்தி, தரையில் காலை ஊன்றச் சொல்லி, இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் திரும்பக் கூட்டிவந்தார். ஐந்தாவது தடவைதான் "நான்தான் கைய விட்டுட்டேன்" என்ற வார்த்தை வெளியே வந்ததாம். அன்று ராத்திரி அம்மா அதை எங்களிடமும் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தம்பி பெயரைச் சொல்லி அழுதார்.

அடுத்த முறை போனால் அந்த ஆலோசகர் இல்லை, ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். புதிதாக வந்தவர் "முதலிலிருந்து சொல்லுங்க" என்றார், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வரிசையில் எங்கள் ஊர்ச்சனம். அம்மா எழுந்து வந்துவிட்டார்.

2017 மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது, ரகசியம் காக்கவும் சொல்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம்தான், தாங்க முடியாத ராத்திரிக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்த மாதிரி வேலைக்கு வாராவாரம் அதே முகம் வேண்டும். மாத்திரையை வேறு ஒருவர் எழுதிக் கொடுக்கலாம், பாதியில் விட்ட பேச்சை வேறு ஒருவரிடம் எப்படித் தொடர்வது?

கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிரந்தர ஆலோசகரைப் போடுங்கள், கதவு உள்ள அறை கொடுங்கள். இன்னொன்று, காலையில் ஓபி வைத்தால் மீன் விற்கும் பெண்கள் யாரும் வர முடியாது, ஏலம் நடக்கிற நேரம் அது. அம்மா மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.