உன் 212க்குக் காரணம் எண்ணெய் இல்லை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 212. "எண்ணெயைத் தொடுவதே இல்லை, தினமும் ஓடுகிறேன், எனக்கு ஏன்பா இது?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான்.

அதே தாளில் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பைப் பார், அளவோடு இருக்கிறது. மாவும் சர்க்கரையும் மிஞ்சினால் இன்சுலின் கல்லீரலில் எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதத்தைத் தூண்டும். அது கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். எண்ணெயே சேர்க்காதவருக்கும் டிரைகிளிசரைடு ஏறுவது இப்படித்தான். உனக்கு அந்தச் சிக்கல் இல்லை. உன் விவகாரம் அதன் உடன்பிறப்பான எஸ்ஆர்இபிபி-2 ஆளும் கொலஸ்ட்ரால் பக்கம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. எஸ்ஆர்இபிபி-2 செல்லுக்குள் ஒரு சவ்வில் கட்டுண்டு கிடக்கும். செல்லில் கொலஸ்ட்ரால் குறைந்தால் இன்னொரு புரதம் அதைக் கோல்கி என்ற பகுதிக்குக் கூட்டிப்போகும். அங்கே இரண்டு நொதிகள் அடுத்தடுத்து அதை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் உட்கார்ந்துகொள்ளும். உடனே கொலஸ்ட்ரால் தயாரிப்பு கூடும். ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளும் கூடும். போதுமான அளவு சேர்ந்ததும் வெட்டுவது நின்றுவிடும். அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. பிறகு எஸ்ஆர்இபிபி புரதங்களைக் கண்டுபிடித்ததும் அவர்கள் ஆய்வுக்கூடம்தான்.

நம் வீட்டில் அந்த ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. உன் தாத்தா ஐம்பதைத் தாண்டவில்லை, மாரடைப்பில் போனார். எனக்கும் அதேதான், மாத்திரையில் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. வேலை செய்யும் ஏற்பிகள் குறைந்துவிட்டால் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி, சின்ன வயதிலிருந்தே தமனிச் சுவருக்குள் புகுந்து படியும். அதனால் "இப்போதுதானே முப்பது" என்ற கணக்கு உனக்குச் செல்லாது.

மாத்திரை என்றால் முகம் சுளிப்பாய், தெரியும். ஆனால் ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை செய்வதைக் கேள். கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது மட்டுப்படுத்துகிறது. கல்லீரல் பற்றாக்குறை வந்துவிட்டதென்று பதறி, உன்னிடமுள்ள நல்ல பிரதியை வைத்தே ஏற்பிகளைக் கூடுதலாகச் செய்யும். உடம்பின் ஸ்விட்சை வைத்தே உடம்பை ஏமாற்றும் வேலை! ஒரு வில்லங்கமும் உண்டு: அதே ஸ்விட்ச், அதாவது எஸ்ஆர்இபிபி-2, ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் கூட்டிவிடும். டோஸை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் மேற்கொண்டு 6 சதவீதம் அளவே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி நின்றுபோனால் பிசிஎஸ்கே9ஐத் தடுக்கும் ஊசி இருக்கிறது, 2015 முதல் பயன்பாட்டில்.

சீக்கிரம் தொடங்கு என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் 2006இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. கறுப்பினத்தவரில் பிசிஎஸ்கே9 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே செயலிழந்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு. பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்ததன் பலன் அது.

சரி, டாக்டரிடம் போகும்போது தைராய்டும் பார்க்கச் சொல். அது மந்தமானாலும் எல்டிஎல் ஏறும். குடும்பக் கதையை மறைக்காமல் சொல். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருந்து தொடங்குமுன்பே பேசிவிடு, கர்ப்ப காலத்தில் ஸ்டாடினைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், தம்பியையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லம்மா. நான் சொன்னால் கேட்கமாட்டான்.

அப்பா