கொலோன்ஜுக்குச் சாப்பிடப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரிய உணவகத்தில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்று நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அம்மா இடையில் புகுந்து, "அங்கெல்லாம் வயிறு நிறையாது பிள்ளை, வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போ" என்று தொடங்கியதில் பேச்சு திசைமாறிவிட்டது. அதனால் எழுதுகிறேன். மழையிலும் குளிரிலும் சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ச்சோலைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, அதற்குப் பலனாக இந்த நாலு பக்கத்தைப் பொறுமையாக வாசி.

முதலில், அம்மா சொன்னதைக் கேட்காதே. காலையில் ஒரு கோப்பியோடு நிறுத்திக்கொள். பெரிய தட்டின் நடுவில் சிறு துண்டு வைத்துக் காசு பறிக்கிறார்கள் என்று நம் ஆட்கள் சிரிப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உன் வேலையிட இயக்குநரும் அவர் மனைவியும் உன்னை அழைத்திருப்பது, பெயர்பெற்ற சமையல்காரர் போல் பொக்கூஸ் லியோனுக்குப் பக்கத்தில் கொலோன்ஜில் நடத்திய உணவகத்துக்கு. அது பழைய லியோன் சமையல். வெண்ணெய், கிரீம், கோழி, வைன் என்று எதிலும் கை சுருங்காத சமையல். பலர் முதன்மை உணவோடு களைத்துப்போவார்கள். அதன் பிறகுதான் சீஸ் வண்டியே வரும். அதற்குப் பின் இனிப்பு. கோப்பியோடு மறுபடியும் குட்டி இனிப்புகள்.

"நம் வீட்டில் யாருக்கு அப்பா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாய். எனக்குத் தெரியும். குசினிக் கதவின் உட்பக்கத்திலிருந்து தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாரிஸில் நான் கோப்பை கழுவத் தொடங்கியது உனக்குத் தெரிந்த கதை. எண்பதுகளில் வந்து இறங்கிய நம்மவர்களில் ஏராளமானோருக்கு அதுதான் முதல் வேலை. மொழி வேண்டாம், கை இரண்டும் இருந்தால் போதும். கழுவும் தொட்டியிலிருந்து மரக்கறி வெட்டும் மேசைக்கும், அங்கிருந்து அடுப்புக்கும் நகர்ந்தது மெதுவாகத்தான். ஆனால் தொட்டியடியில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. சாப்பிட்ட தட்டுகள் எல்லாம் அவனிடம்தான் வந்து சேரும். எது வழித்துத் துடைத்து வந்தது, எது பாதியில் திரும்பியது என்று தலைமைச் சமையல்காரருக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். பெரிய மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நான் அந்தத் தட்டுகளில்தான் படித்தேன். அவர்களும் சிந்துகிறார்கள், முள்ளுக்கரண்டியைத் தவறவிடுகிறார்கள், பிடிக்காததைப் பாண் துண்டின் அடியில் ஒளித்து வைக்கிறார்கள். நீ வெட்கப்படும் அளவுக்கு அந்த மண்டபத்தில் யாரும் பூரணமானவர் இல்லை.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் வெளியே இருக்கும் பயம் பாதி போய்விடும். எஸ்கொஃபியே என்று ஒருவர் இருந்தார், 1846இல் பிறந்தவர். போர்க்காலத்தில் படையினருக்குச் சமைத்த அனுபவம் அவருக்கு உண்டு. பிறகு லண்டன் சவோய் ஹோட்டலில் குசினியைப் படைப்பிரிவு போலவே பிரித்து ஒழுங்குபடுத்தினார். சோஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், குளிர்ந்த உணவுக்கு ஒருவர், மாவுப் பண்டத்துக்கு ஒருவர். இன்றுவரை பெரிய குசினிகள் அந்தப் பிரிவினையில்தான் ஓடுகின்றன. ஒரே மேசையில் மூவர் மூன்று விதமாகக் கேட்டாலும் மூன்று தட்டும் ஒன்றாகக் கதவைத் தாண்ட வேண்டும். தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு பட்டிருந்தாலும் துணியால் துடைத்த பிறகே வெளியே போகும். ஆக, அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலை இல்லாமல் இருப்பவள் நீ மட்டும்தான். அதைப் பழகிக்கொள்.

கைகழுவப் போக வேண்டுமென்றால் ஒரு தட்டை எடுத்துச் சென்றவுடன் எழுந்து போ. அடுத்த தட்டு வரும் நேரம் பார்த்து எழுந்தால், பரிமாறுபவர் உள்ளே ஓடிச் சொல்ல வேண்டும், மூன்று பேரின் உணவும் காத்திருக்க வேண்டும், மீன் அடுப்பில் நிற்பவர் பல்லைக் கடிப்பார். அந்தப் பல்லைக் கடித்தவன் நானாகவும் இருந்திருக்கிறேன்.

கரண்டி, கத்தி வரிசையைப் பற்றி நீ ரொம்பக் கவலைப்பட்டாய். வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வந்துகொண்டே இரு. தவறானதை எடுத்தாலும் அடுத்த தட்டுக்கு முன் சத்தமில்லாமல் புதிது வைத்துவிடுவார்கள். பந்தியில் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று உனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மடித்தாய், இதுவும் அப்படித்தான். சாப்பிட்டு முடிந்ததும் கத்தியையும் முள்ளையும் தட்டின் மேல் பக்கம் பக்கமாகச் சேர்த்து வை. பிரித்து வைத்திருந்தால் இன்னும் சாப்பிடுகிறாய் என்று அர்த்தம், தட்டை எடுக்க வரமாட்டார்கள். கைகளை மடியில் ஒளிக்காதே, மணிக்கட்டு மேசைமேல் தெரியட்டும்.

உன் கையில் தரும் உணவுப் பட்டியலில் விலை இல்லாமல் இருக்கலாம். திகைத்துவிடாதே. அழைத்தவரின் அட்டையில் மட்டும் விலை போடுவது இத்தகைய இடங்களில் பழைய வழக்கம். ஒரு காலத்தில் மேசையில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் விலையில்லாத அட்டைதான், அழைத்தவளே பெண்ணாக இருந்தாலும். அந்த மரியாதை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நீ செய்ய வேண்டியது, உன் இயக்குநர் என்ன எடுக்கிறார் என்று முதலில் கேட்பது. அவர் ஒரே விலைக்கு வரிசையாக வரும் உணவுத் தொகுதி எடுத்தால் நீயும் அதையே எடு, கணக்குத் தானாகச் சரியாகிவிடும்.

நீ வைன் குடிப்பாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அம்மாவும் இந்தக் கடிதத்தை வாசிப்பாள். ஆனால் ஒன்று. போத்தலைத் திறந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கில்லை. தக்கையால் வைன் கெட்டு நாறுகிறதா என்று பார்ப்பதற்கு. அதையும் வைனைத் தெரிவு செய்தவரிடம்தான் தருவார்கள். தண்ணீர் மட்டும் போதும் என்றால் அப்படியே சொல். குழாய்த் தண்ணீர்க் குடுவை கேட்பது பிரான்சில் எந்த உணவகத்திலும் குறைவான காரியம் இல்லை.

இனி முக்கியமானது. நீ மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. தட்டில் மாட்டிறைச்சித் துண்டு இல்லை என்பதால் மாடு இல்லை என்று நினைத்துவிடாதே. பிரெஞ்சுச் சமையலின் அத்திவாரமே கன்றின் எலும்பு. அந்த அடுப்பில் நின்றவன் என்பதால் சொல்கிறேன். எலும்புகளைச் சூளையில் பழுப்பாகும்வரை வறுத்து, வெங்காயம், கரட், செலரி சேர்த்து, பெரிய பானையில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, மிகச் சிறிய தீயில் விடிய வைத்தால் மாலைவரை கிடக்கும். கொதிக்க விடக் கூடாது; கொதித்தால் கலங்கிவிடும். ஒன்றிரண்டு குமிழி ஓரத்தில் எழும்பினால் போதும். மேலே ஒதுங்கும் நுரையையும் கொழுப்பையும் அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வடிகட்டிய பிறகு மறுபடி வற்ற வைப்போம். கரண்டியின் முதுகைத் தோய்த்து எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். கோட்டின் இரு கரையும் ஓடிச் சேராமல் நின்றால் சாறு தயார். ஒரு பெரிய பானை எலும்பு கடைசியில் ஒரு சின்னச் சட்டிக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு கரண்டிதான் உன் தட்டில் வந்து மினுங்கும். வாத்துக்கும் அது போகும், காளானுக்கும் போகும், சில இடங்களில் மீன் தட்டிலும் ஒரு கோடு விழும்.

ஆகவே நாளைக்கே உணவகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மாட்டிறைச்சியும் கன்றுச் சாறும் வேண்டாம் என்று சொல்லிவிடு. இயக்குநரின் மனைவிக்குச் சங்கடமாக இருக்குமோ என்று யோசிக்காதே. நல்ல குசினிக்கு முன்கூட்டியே சொன்னால் அது ஒரு வேலை, மேசையில் உட்கார்ந்து சொன்னால் அது ஒரு தலைவலி. அங்கே புகழ்பெற்றது துரூஃப் என்னும், மண்ணுக்கடியில் விளையும் வாசக் காளான் போட்ட சூப். 1975 பெப்ரவரியில் அப்போதைய ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தான் எலிசே மாளிகையில் பொக்கூஸுக்கு விருது கொடுத்த அன்று, அந்த விருந்துக்காகவே அவர் உருவாக்கியது. கிண்ணத்துக்குள் கரும் துரூஃப், வாத்து ஈரல், தெளிந்த இறைச்சிச் சாறு. மேலே அடுக்கு மாவை மூடி அப்படியே சூளையில் வைத்தால் மாவு குமிழாக எழும்பிப் பொன்னிறமாகும். கரண்டியால் உடைத்தால் முதலில் வருவது ஆவி, அதன் பின்னால் அந்த வாசம். ஆனால் அந்தச் சாறு எதில் காய்ச்சியது என்று கேட்காமல் வாய் வைக்காதே.

கோழி எடுக்கலாம். பிரெஸ் கோழி என்பது வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால், அதாவது பிரெஞ்சுக் கொடியின் நிறத்தில் திரிவது. 1957இலிருந்து சட்டம் போட்டுக் காக்கும் இனம். ஒரு கோழிக்குக் குறைந்தது பத்துச் சதுர மீற்றர் புல்வெளி கொடுக்க வேண்டும். பாரிஸில் நாம் முதலில் இருந்த அறையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தோலின் கீழ் துரூஃப் சீவல்களைச் செருகி, பன்றியின் சிறுநீர்ப்பைக்குள் வைத்துக் கட்டி அவிப்பார்கள். பந்தாக ஊதியபடி மேசைக்கு வரும், உன் முன்னாலேயே வெட்டித் திறப்பார்கள். முகத்தைச் சுளிக்காதே. பை வெறும் பாத்திரம்தான், சாப்பிடுவது கோழியை. விருப்பமில்லையென்றால் விட்டுவிடு, நான் வற்புறுத்தவில்லை.

உன் இயக்குநர் நட்சத்திரக் கதையை எடுப்பார் என்று நினைக்கிறேன், லியோன்காரர்களுக்கு அது ஆறாத புண். 1965இலிருந்து கையில் இருந்த மூன்றாவது நட்சத்திரத்தை 2020 ஜனவரியில் மிஷ்லன் உணவக வழிகாட்டி எடுத்துவிட்டது, பொக்கூஸ் இறந்து இரண்டு ஆண்டுகளில். நாடே துக்கம் கொண்டாடியது. என் கருத்தைக் கேட்டால், ஒரு டயர் கொம்பனி 1900இல் கார்க்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த வழிகாட்டிப் புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதை அதிகம். ஆனால் அவர்கள் செய்தது அநியாயம் என்றும் சொல்லமாட்டேன். செத்தவர் பெயரால் அடுப்பு எரியாது; இன்று நிற்பவர்கள் இன்று சமைப்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கருத்தை அங்கே சொல்லாதே. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்.

அதைவிட நல்ல கதை ஒன்று சொல்கிறேன், பேச்சில் தொய்வு வந்தால் அதை எடு. யூஜெனி பிராசியே. பத்து வயதில் தாயை இழந்த பண்ணைப் பெண். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றதால் தகப்பன் வீட்டைவிட்டு விரட்டினார். லியோனுக்கு வந்து வீட்டு வேலை செய்து, பிறகு சமையல் பழகி, 1921இல் றுவாயால் தெருவில் சிறிய உணவகம் திறந்தார். 1933இல் அந்த இடத்துக்கும் மலைமேல் அவர் நடத்திய இன்னொரு இடத்துக்கும் மூன்று மூன்று நட்சத்திரம். அதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை. போர் முடிந்து வந்த இளைஞன் பொக்கூஸ் அவரிடம்தான் வேலை பழகினார். சமையல் மட்டுமா, மாடு கறப்பது, துணி துவைப்பது உட்பட. நீ உட்காரப் போகும் அந்தப் பளபளப்பான மண்டபத்தின் வேர் அந்தப் பண்ணைப் பெண்ணின் குசினியில் இருக்கிறது. மேசையில் யாராவது உன் வீட்டாரைப் பற்றிக் கேட்டால் அப்பா கோப்பை கழுவியவர், பிறகு சமையல்காரர் என்று நேராகச் சொல். அந்த வீட்டில் அது தலைகுனிய வைக்கும் செய்தி இல்லை.

பாணால் சோஸைத் துடைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டாய். பழைய நாகரிகப் புத்தகங்கள் கூடாது என்கின்றன. நான் தொட்டியடியில் நின்றவன், எனக்கு வெறும் தட்டு திரும்பி வந்தால் போதும். இயக்குநரின் மனைவி துடைத்தால் நீயும் துடை. அவர் துடைக்காவிட்டால் சின்னத் துண்டை முள்ளில் குத்தித் துடை.

எனக்காக ஒரு வேலை செய்து வா. பட்டியலில் உருளைக்கிழங்குச் செதில் போட்ட றூஜே என்னும் சிவப்புக் கடல்மீன் இருந்தால், பொக்கூஸின் இன்னொரு பெயர்போன தட்டு அது, அதை எடு. உருளைக்கிழங்கை மெல்லிதாகச் சீவி, காசளவு வட்டங்களாக வெட்டி, ஒரு நிமிடம் கொதிநீரில் காட்டி, உருக்கிய வெண்ணெயில் புரட்டி, மீன் துண்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்குவார்கள். குளிரில் வைத்து வெண்ணெய் இறுகியதும் செதில் பக்கம் தாச்சியில் படும்படி பொரிப்பார்கள். எங்கள் குசினியில் அதைச் செய்து பார்த்தபோது அடுக்கு எப்போதும் வால் பக்கம் நழுவியது, எவ்வளவு குளிர வைத்தும் சரிவரவில்லை. அவர்கள் தலைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்களா, வாலிலிருந்தா என்று உற்றுப் பார். தெரியவில்லையென்றால் பரிமாறுபவரைக் கேள், உள்ளே போய்க் கேட்டுச் சொல்வார். அன்றிரவே எனக்கு எழுது, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. அவள் மீனின் விலையை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா