டைஸ் 0.9 போதுமா?

மூளை ஸ்கேனில் பகுதிகளைக் குறிக்கும் ஆழ்கற்றல் மாதிரிகளை உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். எம்.ஆர்.ஐ. படங்களில் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுக்கான மூளைப் பகுதியைக் கையால் வரைந்து வந்தவன் எழுதுகிறேன். வலது, இடது இரண்டையும் முடிக்க அரை நாள் போய்விடும். அப்புறம் பகுதிகளைத் தானாகப் பிரிக்கும் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருள் வந்தது. ராத்திரி ஓடவிட்டுவிட்டுக் காலையில் வந்து பார்ப்போம். 2020-இல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வந்த ஃபாஸ்ட்சர்ஃபர் என்ற ஆழ்கற்றல் மென்பொருள் 95 பகுதிகளை ஒரு நிமிடத்துக்குள் பிரித்தபோது, வேலை போகிறதே என்ற வருத்தம்கூட வரவில்லை. கண்ணுக்கு விடுதலை!

என் குறை டைஸ் மதிப்பெண்ணைப் பற்றியது. நான் வரைந்ததும் மாதிரி வரைந்ததும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்பதுதான் அந்த எண்; முழுதாகப் படிந்தால் 1. 0.9 வந்தால் கைதட்டுகிறோம். சரி, மாதிரி என் கோட்டுக்குள்ளேயே கொஞ்சம் சிறிதாக வரைந்தது என்று வையுங்கள். 100 வாக்ஸலில் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) 82-ஐ மட்டும் பிடித்தாலும் டைஸ் 0.9 வந்துவிடும். மீதி 18% எங்கே? அல்சைமர் நோயில் ஹிப்போகாம்பஸ் ஓர் ஆண்டில் சுருங்குவதே சுமார் 4, 5 சதவீதம்தான். எல்லா ஸ்கேனிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம். அப்படி இருக்கிறதா என்று காட்டும் அட்டவணையைத்தான் உங்கள் கட்டுரைகளில் தேடுகிறேன்.

பிழை எங்கே விழும் என்று வரைந்த கைக்குத் தெரியும். ஹிப்போகாம்பஸின் தலைக்கு மேலே அமிக்டலா என்ற இன்னொரு பகுதி உட்கார்ந்திருக்கும். நடுவே ஆல்வியஸ் என்ற மெல்லிய வெள்ளை இழை. 1 மி.மீ. படத்திலேயே நாலைந்து ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) முன்னும் பின்னும் ஓட்டித்தான் அதைப் பிடிப்பேன். அன்றாட ஆஸ்பத்திரி ஸ்கேனில் ஸ்லைஸ் பெரும்பாலும் 5 மி.மீ. தடிமன், ஹிப்போகாம்பஸின் நாலு செ.மீ. நீளத்துக்கு எட்டே படம். இழை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். மாதிரி அங்கேயும் தயங்காமல் கோடு போடுகிறது. நானாக இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்.

சிந்த்செக் என்ற மாதிரியின் குழுவினர் தடித்த ஸ்லைஸையும் மனதில் வைத்தே செய்தவர்கள். தர மதிப்பெண்ணும் தருகிறார்கள். ஆனால் ஹிப்போகாம்பஸுக்கும் அமிக்டலாவுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். தகராறே அந்த இரண்டுக்கும் நடுவில்தானே!

டைஸுக்குப் பக்கத்தில், கன அளவு கூடியதா குறைந்ததா என்பதைப் பகுதிவாரியாகப் போடுங்கள். எல்லையில் சந்தேகம் உள்ள இடத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள். படுமோசமாகப் போன பத்து ஸ்கேன்களையும் கட்டுரையில் சேருங்கள். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஆய்வகம் அனுமதித்தால், கேள்விக்குறி போட்ட என் பழைய படங்களைத் தருகிறேன்.

இப்படிக்கு,
கையால் வரைந்த ஒருவன்